கைக்கு எட்டாத திருகு: ஜான் டென்வர் விமான விபத்து, 1997

1997 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. கலிஃபோர்னியாவின் மான்டெரே விமான நிலையத்தில் ஒரு சின்ன விமானத்தின் பக்கத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டு, எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பது என்று மாற்றும் ஒரு திருகைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விமானத்தின் புது உரிமையாளர், மற்றவர் அங்கே வேலை பார்க்கும் மெக்கானிக். திருகு விமானியின் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டவில்லை, எட்டினாலும் இறுக்கமாக இருந்தது. கைப்பிடியை நீளமாக்கினால் என்ன என்று வைஸ் கிரிப் இடுக்கி ஒன்றை அதில் மாட்டிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. ‘பரவாயில்லை, மேலே போனதும் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டுத் திரும்பித் திருகிக்கொள்கிறேன்’ என்கிற மாதிரி சொன்னார் உரிமையாளர்.

பெட்ரோல் அளவு காட்டும் குழாய்களும் அவருக்குப் பின்னால்தான் இருந்தன. திரும்பாமல் பார்க்க மெக்கானிக் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார். வலது டேங்கில் பாதிக்கும் குறைவு, இடது டேங்கில் காலுக்கும் குறைவு என்பது மெக்கானிக்கின் கண்ணளவு. பெட்ரோல் போடட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன் என்று பதில் வந்தது.

மாலை 5:12 வாக்கில் விமானம் கிளம்பியது. ஓடுபாதையில் இறங்கித் தொட்டு உடனே ஏறும் பயிற்சியை மூன்று முறை செய்துவிட்டு, மேற்கே கடற்கரைப் பக்கம் திரும்பியது. 5:28க்கு பசிஃபிக் குரோவ் ஊருக்கு அருகே, கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், மூக்கு கீழாகக் கடலில் விழுந்தது. வானம் தெளிவாக இருந்தது. விமானத்தில் இருந்தது ஒரே ஒருவர். பாடகர் ஜான் டென்வர், வயது 53.

பாடகர் என்பதால்தான் உலகம் முழுக்கச் செய்தி ஆனது. ஆனால் இந்த விபத்தை இன்றும் விமானிகள் எடுத்து வைத்துப் பேசுவதற்குக் காரணம் அந்தத் திருகு.

ஓட்டியவர்

வார இறுதியில் ஆசைக்குப் பறக்கும் கத்துக்குட்டி என்று இவரை நினைத்தால் தவறு. அப்பா அமெரிக்க விமானப்படையில் விமானி, பி-58 குண்டுவீச்சு விமானத்தில் வேகச் சாதனைகள் படைத்தவர். மகனுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். டென்வரின் கணக்கில் 2,700 மணி நேரத்துக்கும் மேல் பறந்த அனுபவம் இருந்தது. இரட்டை எஞ்சின் விமானம், கிளைடர், கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது என்று பல தகுதிகள் இருந்தன. லியர்ஜெட் ஓட்டவும் அனுமதி பெற்றிருந்தார்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். குடித்துவிட்டு கார் ஓட்டிய வழக்குகள் அவர் மேல் இருந்தன. அதன் தொடர்ச்சியாக அவருடைய மருத்துவத் தகுதிச் சான்று செல்லாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே முடிவு செய்திருந்தது. அதாவது சட்டப்படி அன்றைக்கு அவர் பறந்திருக்கவே கூடாது. ஆனால் பரிசோதனையில் உடலில் மதுவோ போதைப்பொருளோ இல்லை. ‘குடித்துவிட்டு ஓட்டினார்’ என்று இப்போதும் சிலர் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு.

அவரிடம் இல்லாதது ஒன்றே ஒன்று, இந்த விமானத்தில் பழக்கம். விபத்துக்கு முந்தின நாள்தான் சான்டா மரியாவில் விமானம் அவர் கைக்கு வந்தது. அங்கே தரையில் விளக்கம், கொஞ்சம் பறப்பு எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் அவரே மான்டெரேக்கு ஓட்டி வந்துவிட்டார். முழுசாக ஒரு நாள்கூட அந்த விமானத்தோடு அவர் இருக்கவில்லை. பதிவு எண் மட்டும் அவருடையதாகியிருந்தது: என்555ஜேடி. கடைசி இரண்டு எழுத்து அவர் பெயரின் முதலெழுத்துகள்.

விமானம்

டென்வர் வாங்கிய லாங்-ஈஸி, அமெரிக்க விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டன் வரைந்தது. 1979இல் முதல் முறை பறந்தது. கடையில் போய் வாங்க முடியாது. வரைபடத்தை வாங்கி, ஷெட்டிலோ கார் நிறுத்தும் இடத்திலோ வைத்து நாமே செய்துகொள்ள வேண்டும். ஃபோம் கட்டையைச் சூடான கம்பியால் சிறகு வடிவத்துக்கு அறுத்து, மேலே கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸி பசையில் ஊறவைத்து ஒட்டுவார்கள். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். எஞ்சினும் விசிறியும் பின்னால். முன்னால் மூக்கில் ஒரு குட்டிச் சிறகு. இருக்கைகள் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு. ஆள் ஏறாதபோது பின்பாரம் அதிகம் என்பதால் முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் ஊன்றி நிறுத்துவார்கள். முதல் முறை பார்ப்பவர்களுக்கு ஏதோ உடைந்து கிடக்கிறது என்றுதான் தோன்றும்.

இந்த விமானத்துக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் முன்னால் இருக்கும் குட்டிச் சிறகு முதலில் தன் தூக்குவிசையை இழக்கும், மூக்கு தானாகக் கொஞ்சம் தாழும். பெரிய சிறகு வேலை செய்துகொண்டே இருக்கும். மற்ற சின்ன விமானங்களில் பலரைக் கொன்ற ஸ்டால் என்கிற ஆபத்தை இதில் வடிவமைப்பிலேயே தட்டிவைத்திருந்தார்கள். டென்வரைக் கொன்றது அந்த ஆபத்து இல்லை.

இவருடைய விமானத்தை டெக்சாஸில் ஒருவர் தன் கையால் கட்டினார். 1987இல் அது பறந்தது. பிறகு இன்னொருவர் கைக்குப் போய், அவரிடமிருந்துதான் டென்வருக்கு வந்தது. இரண்டாவது கை வண்டி, மூன்றாவது ஓட்டுநர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கத்தைவிடப் பெரிய எஞ்சின், 150 குதிரைத்திறன் லைகோமிங். அதனால் பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

திருகு

பழைய பைக் ஓட்டியவர்களுக்கு இது ஒரு நொடியில் புரியும். ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி திக்க ஆரம்பிக்கும். இடது கையை டேங்குக்குக் கீழே விட்டுத் துழாவி, திருகை ‘ரிசர்வ்’ பக்கம் திருப்புவோம். கண் சாலையிலேயே இருக்கும். இரண்டு மூன்று நொடி எஞ்சின் இருமிவிட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியக்கூடத் தெரியாது. திருகு முழங்காலுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இவ்வளவு சுலபம்.

லாங்-ஈஸியில் சிறகின் அடிவேரில் இடப்பக்கம் ஒரு டேங்க், வலப்பக்கம் ஒரு டேங்க், ஒவ்வொன்றும் சுமார் 26 கேலன், கிட்டத்தட்ட 100 லிட்டர். இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. ஒன்று காலியானால் அதன் வழியாக எஞ்சின் காற்றை உறிஞ்சிவிடும். அதனால் இடது, வலது, அடைப்பு என்று மூன்றே நிலை. பறக்கும்போது விமானிதான் மாற்றிக்கொள்ள வேண்டும். ரூட்டனின் வரைபடத்தில் இந்தத் திருகு விமானியின் இரண்டு காலுக்கும் நடுவில், கண்ணெதிரே இருக்கும்.

கட்டியவர் அதை அங்கே வைக்கவில்லை. பெட்ரோல் குழாய்கள் விமானி உட்காரும் இடத்துக்குள் வருவதே அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மூட்டு கசிந்தால் மடியில் பெட்ரோல், அப்புறம் ஒரு பொறி போதும். இந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. எனவே வால்வை எஞ்சின் பக்கம் கொண்டுபோய், அதிலிருந்து நீளமாக ஒரு தண்டை இழுத்து, அதன் கைப்பிடியை முன் இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்பில், இடது தோளுக்கு மேலாக வைத்தார். கைப்பிடி மேல் நோக்கியிருந்தால் அடைப்பு. கீழ் நோக்கினால் வலது டேங்க். வலப்பக்கம் திரும்பினால் இடது டேங்க். ஆம், வலப்பக்கம் திருப்பினால் இடது டேங்க். எதுவும் எழுதியும் வைக்கவில்லை. பெட்ரோல் அளவைப் பார்க்கும் குழாய்களிலும் கோடு கிடையாது.

எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் உண்டு. கதவை லேசாகத் தூக்கி, முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி, அப்புறம் இழுத்தால்தான் திறக்கும். வீட்டில் எல்லாரும் இருட்டிலும் திறப்பார்கள். புதிதாக வந்த விருந்தாளி அரை மணி நேரம் போராடுவார். கட்டியவருக்கு அந்தத் திருகு அப்படித்தான் இருந்திருக்கும். அவரே யோசித்து, அவரே பொருத்தி, அவர் கைக்கே பழகியது. பத்து வருடம் அந்த விமானம் அந்தத் திருகோடுதான் பறந்தது. விமானத்தை விற்கும்போது அந்தக் கைப்பழக்கத்தைச் சேர்த்து விற்க முடியாது.

போதாக்குறைக்கு இன்னொன்று. பயிற்சி கொடுத்தவர் சொன்னபடி, டென்வருக்கு ரடர் பெடல், அதாவது மூக்கை இடமோ வலமோ திருப்பும் தகடுகளைக் காலால் இயக்கும் மிதி, சரியாக எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தை வைத்து அவரை முன்னால் தள்ளி உட்காரவைத்தார்கள். கால் எட்டியது. ஆனால் திருகு முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது? மெத்தை வைத்த பிறகு அதைப் பிடிக்க அவர் சிரமப்பட்டதையும் அதே பயிற்சியாளர் கவனித்தார்.

நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதிகாரிகள் இதே மாதிரி ஓர் இருக்கையில் உட்கார்ந்து செய்து பார்த்ததுதான். டேங்கை மாற்ற நான்கு காரியம் தேவைப்பட்டது. லாங்-ஈஸியில் விமானத்தைத் திருப்பும் குச்சி வலப்பக்கச் சுவரோரம் இருக்கும். முதலில் அதை விட்டு வலது கையை எடுக்க வேண்டும். தோள்பட்டைப் பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். உடம்பை இடப்பக்கம் முழுக்க முறுக்க வேண்டும். அப்புறம் எழுத்தும் இல்லாத, திசையும் பொருந்தாத ஒரு கைப்பிடியைச் சரியான இடத்துக்குத் திருப்ப வேண்டும்.

நீங்களும் செய்து பார்க்கலாம். சாய்வு நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, வலது கையால் உங்கள் இடது தோளுக்குப் பின்னால் சுவரில் இருக்கும் சுவிட்சைத் தொட முயலுங்கள். அந்த நேரத்தில் உங்கள் வலது கால் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். தரையை அழுத்தும். உடம்பை முறுக்க ஓர் ஊன்றுகோல் வேண்டும், கால் அதைத் தானாகத் தேடிக்கொள்கிறது.

விமானத்தில் அந்தக் காலுக்குக் கீழே தரை இல்லை, வலது ரடர் பெடல் இருக்கிறது. திரும்பும்போது வலது கால் பெடலை அழுத்துவது இயல்பாகவே நடக்கிறது என்று விசாரணையாளர்கள் கண்டார்கள். அழுத்தினால் மூக்கு கொஞ்சம் மேலே எழும்பி விமானம் வலப்பக்கம் சாயும். பெரும்பாலான விமானங்களில் ஒரு பெடலை அழுத்தினால் மற்றது எழும்பி அடுத்த காலுக்குச் சேதி சொல்லும். லாங்-ஈஸியில் சிறகு நுனிகளில் இருக்கும் இரண்டு ரடர்களும் தனித்தனி, பெடல்களும் தனித்தனி. இடது காலுக்கு எந்தத் தகவலும் போகாது. இதை விபத்தோடு சேர்த்துப் பார்ப்பது என் சொந்த ஊகம் என்றாலும், முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு தகவல் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கரையிலிருந்து பார்த்த 20 பேரிடம் விசாரித்தார்கள். விமானம் 350 முதல் 500 அடி உயரத்தில் வந்ததாகச் சொன்னார்கள். பட்டென்று ஒரு சத்தம், உடனே எஞ்சின் ஓசை தணிந்தது என்று பலர் சொன்னார்கள். சட்டென்று சாய்ந்ததைப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் வலப்பக்கம் சாய்ந்ததாகச் சொன்னார்கள். பிறகு மூக்கு கீழாக நேராகக் கடலுக்குள். 500 அடி என்பது 150 மீட்டர். அந்த உயரத்தில் மூக்கு கவிழ்ந்தால் திரும்பி உட்காரவும் குச்சியைப் பிடிக்கவும் எத்தனை நொடி கிடைக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கடலிலிருந்து எடுத்த சிதறல்களில் திருகு எந்த நிலையிலும் முழுசாக இல்லாமல் நடுவில் நின்றிருந்தது. கட்டுப்பாட்டு அறையோடு அவர் கடைசியாகப் பேசியது, ராடாரில் விமானத்தைக் காட்டும் டிரான்ஸ்பாண்டர் இப்போது சரியாகத் தெரிகிறதா என்பது பற்றித்தான். உதவி கேட்டு எதுவும் வரவில்லை. ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு நிதானமாக மாற்றிக்கொள்ளலாம் என்ற திட்டம், எஞ்சின் திக்காத வரைக்கும்தான் செல்லும். திக்கிவிட்டால் யாரும் முதலில் ஆட்டோபைலட்டைத் தேடமாட்டார்கள், கை நேராகத் திருகுக்குத்தான் போகும்.

யார் மேல் தப்பு

1999இன் தொடக்கத்தில் வாரியம் தீர்ப்புச் சொன்னது. திருகைத் திருப்ப முயலும்போது விமானியின் கவனம் சிதறியதும், அறியாமல் வலது ரடரை அழுத்தியதும், அதனால் விமானம் கட்டுப்பாட்டை இழந்ததும் காரணம். கிளம்பும் முன் சரியான தயாரிப்பு இல்லாதது, குறிப்பாகப் பெட்ரோல் போடாமல் போனது, அதுவும் காரணம். கட்டியவர் குறியீடு இல்லாத திருகை எட்டாத இடத்தில் வைத்தது, கோடு போடாத அளவுக் குழாய்கள், போதாத பயிற்சி, அந்த வகை விமானத்தில் அனுபவக் குறைவு ஆகியவை துணைக் காரணங்கள்.

இந்த வரிசையோடு எனக்குப் பாதி உடன்பாடு, பாதி சண்டை. காலை அழுத்தியதைக் காரணத்தில் முதலிடத்தில் வைத்து, அழுத்த வைத்த இடத்தைத் துணைக் காரணத்தில் வைப்பது நியாயமாகப் படவில்லை. அந்த இருக்கையில் யார் உட்கார்ந்து திரும்பினாலும் கால் அழுத்தும் என்று அவர்களே செய்து பார்த்துச் சொல்லிவிட்டார்களே!

பெட்ரோல் விஷயத்தில் வாரியம் சொன்னதே சரி. டென்வருக்குத் திருகின் குறை தெரியாமல் இல்லை. கால் மணி நேரம் முன்னால்தான் அதோடு மல்லுக்கட்டியிருந்தார். ஒரு டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்திருந்தால், அன்றைய ஒரு மணி நேரப் பறப்பில் அந்தத் திருகைத் தொடவே வேண்டியிருக்காது. இடுக்கி, கண்ணாடி, மெத்தை, ஆட்டோபைலட் என்று நான்கு ஒப்பேற்றல்களை யோசித்தவருக்கு, பக்கத்தில் நின்ற மெக்கானிக் ஐந்தாவதாகக் கேட்ட கேள்விதான் உண்மையான தீர்வு என்று படவில்லை. நம் ஊரில் ‘சமாளிச்சுக்கலாம்’ என்போமே, அந்த மனசு. வண்டி புதுசு, வானம் தெளிவு, பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது. கிளம்ப வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது.

‘பெட்ரோல் தீர்ந்து விழுந்தார்’ என்று இந்த விபத்தை ஒரு வரியில் சொல்பவர்கள் உண்டு. டேங்கை மாற்ற முயன்றபோது நடந்தது என்பதுதான் விசாரணையின் முடிவு. இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. இரண்டு டேங்கும் தீர்ந்திருந்தால் அந்தத் திருகுக்கு இந்தக் கதையில் இடமே இல்லை.

சோதனை முறை என்ற பலகை

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு விமானத்தின் பெரும்பகுதியை ஒருவர் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தானே கட்டினால் அது ‘சோதனை முறை’ வகையில் வரும். பேச்சுவழக்கில் 51 சதவீத விதி என்பார்கள். அதிகாரி வந்து வேலைப்பாட்டைப் பார்ப்பார். வரைபடத்தில் இருக்கிற மாதிரியே கட்டியிருக்கிறதா என்று ஒப்பிடுவது அவர் வேலை இல்லை. மாற்றிக் கட்ட உரிமை உண்டு. அந்த உரிமை இல்லாமல் இந்தக் கலையே இல்லை. ரூட்டன் குடும்பத்து வாயேஜர் விமானம் 1986இல் வழியில் எங்கும் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றி வந்தது இதே மண்ணில் முளைத்த துணிச்சலால்தான். எனவே ‘வீட்டில் கட்டும் விமானங்களைத் தடை செய்’ என்று அப்போது எழுந்த குரல்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். இந்த விமானங்களில் ஏறும் இடத்தில் ‘சோதனை முறை’ என்று குறைந்தது இரண்டு அங்குல எழுத்தில் எழுத வேண்டும். இது சாதாரண விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று பயணிக்கு எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும். பெட்ரோல் திருகில் ‘இடது, வலது, அடைப்பு’ என்று மூன்று சொல் இல்லாமலே இந்த விமானம் பத்து வருடம் பறந்துவிட்டது.

விபத்துக்குப் பிறகு வாரியம் இரண்டு விஷயங்களை வலியுறுத்தியது. முக்கியமான திருகுகளுக்கும் அளவிகளுக்கும் குறியீடு இருக்கிறதா என்று சான்று கொடுக்கும் முன் பார்க்க வேண்டும். புதிய வகை விமானத்துக்கு மாறுகிறவர்கள் முறையாகப் பயிற்சி எடுக்க வேண்டும். பழக்கமில்லாத விமானத்துக்கு மாறுவது எப்படி என்று விமானப் போக்குவரத்து நிர்வாகம் தனியாக ஒரு வழிகாட்டிச் சுற்றறிக்கை வெளியிட 2011 ஆகிவிட்டது.

அதே 2011இல் நடந்த 224 வீட்டுக்கட்டு விமான விபத்துகளை எடுத்துக்கொண்டு வாரியம் ஓர் ஆய்வு செய்து அடுத்த ஆண்டு வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்டவை, ஓட்டியவர் தானே கட்டாமல் இன்னொருவரிடமிருந்து வாங்கிய விமானங்கள். அவற்றில் 14 விபத்துகள், வாங்கியவர் அந்த விமானத்தை முதல் முறையாக எடுத்துக்கொண்டு கிளம்பிய பறப்பிலேயே நடந்தவை.